காணாமற்போன பந்தயக் கார்கள்

கீழப்பாவூர்ப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் எப்படி இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்து மலைகளைத் தாண்டி வரும் காற்று, தென்காசி, பாவூர்சத்திரம் என்று வழியெல்லாம் ஈரத்தைத் தூவிக்கொண்டே போகும். மழை என்று குடை பிடிக்கவும் மனம் வராது. வெயில் என்று துணி காயப்போடவும் முடியாது. நமக்கெல்லாம் அது கொண்டாட்டம். ஆனால் இரும்புக்கு அது கொண்டாட்டம் அல்ல. சாரல் முடிந்ததும் கொட்டகையில் சாத்தி வைத்த மண்வெட்டியையும், கிணற்றுக் கப்பியையும், ஓட்டாமல் நிறுத்திய சைக்கிளையும் தொட்டுப் பாருங்கள். விரலில் செம்பொடி ஒட்டும். அதுதான் துரு.

இனி ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அந்த ஊரில் ஒரு புளியமரத்தடியில் ஒரு பழைய கார் நாற்பது ஆண்டுகளாக நிற்கிறது. சாதாரணக் கார் போல அது இல்லை. உயரம் இடுப்புக்குக் கூட வரவில்லை. கதவு இல்லை, கூரை இல்லை, ஒரே ஓர் ஆசனம். சக்கரங்கள் உடலுக்கு வெளியே தனியாகத் துருத்திக் கொண்டிருக்கின்றன. கோழிகள் அதற்குள் அடைகாக்கின்றன. பார்ப்பவர்கள், "யாரோ டிராக்டரைப் பிரித்து ஏதோ செய்து பார்த்திருக்கிறார்கள்" என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். ஒருநாள் காயலான் கடைக்காரர் வருகிறார். எடை போட்டு எடுத்துப் போகிறார்.

அது ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வெயிலில் நின்று கைதட்டிய பந்தயக் காராக இருந்தால்?

இது வெறும் கற்பனைதான். ஆனால் உலகின் பல மூலைகளில் இப்படி நடந்திருக்கிறது. மறக்கப்பட்ட பந்தயக் கார்கள் ஏரிக்கு அடியிலும், கடற்கரை மணலுக்குள்ளும், தொழிற்சாலைக் குப்பைமேட்டிலும் கிடைத்திருக்கின்றன. அவற்றைத் தேடுவது துப்பறியும் வேலை. அந்த வேலைக்கு வேதியியலும் இயற்பியலும் எப்படி உதவுகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஏன் தொலைகின்றன?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு கார் இருந்தால் அதற்கு ஆர்.சி. புத்தகம் இருக்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதன் எண் பதிவாகியிருக்கும். வரி, காப்பீடு, கைமாறினால் பெயர் மாற்றம் என்று அது போகுமிடமெல்லாம் காகிதத்தில் தடம் விழுந்துகொண்டே இருக்கும். ஐம்பது ஆண்டு கழித்தும் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

பந்தயத்துக்கென்றே செய்த காருக்கு இது எதுவும் கிடையாது. அது பொதுச் சாலையில் ஓடுவதில்லை. லாரியிலோ இழுவண்டியிலோ ஏற்றித்தான் மைதானத்துக்குக் கொண்டு வருவார்கள். எனவே பதிவு எண் இல்லை, புத்தகம் இல்லை. அரசாங்கக் கணக்கைப் பொறுத்தவரை அப்படி ஒரு வண்டியே இல்லை!

இரண்டாவது காரணம், அதன் ஆயுள் மிகக் குறைவு. ஒரு பந்தயக் கார் இரண்டு மூன்று ஆண்டுகளில் பழையதாகிவிடும். அடுத்தவர் இன்னும் வேகமான வண்டியோடு வந்துவிடுவார். அல்லது போட்டி விதிகள் மாறிவிடும். அதை வைத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போக முடியுமா? முடியாது. எனவே அதன் எஞ்சினைக் கழற்றி வேறொன்றில் வைப்பார்கள். சக்கரத்தை இன்னொருவர் வாங்கிக்கொள்வார். மிஞ்சிய கூடு மூலையில் கிடக்கும்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு இடம் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடத்தியது. பிப்ரவரி மாதம் வந்தால் சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போவார்கள். கல்கத்தா, பம்பாய், கோயம்புத்தூர், இலங்கை என்று பல இடங்களிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்தார்கள். குஜராத்தைச் சேர்ந்த கோண்டல் ராஜகுமாரர் அங்கே ஓட்டியிருக்கிறார். 1980-களில் என்சைன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பார்முலா ஒன் கார் ஒன்று கூட அங்கே ஓடியது. ஓட்டியவர் விஜய் மல்லையா. பிறகு 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. சோழவரத்தின் காலம் முடிந்தது.

அரச குடும்பத்தாரும் பெரிய தொழிலதிபர்களும் வைத்திருந்த கார்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. கோண்டல் அரண்மனையின் கார்ச் சேகரிப்பில் பந்தயக் கார்களும் காட்சிக்கு இருக்கின்றன. நமக்குக் கவலையெல்லாம் மற்றக் கார்களைப் பற்றித்தான். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது எளிதல்ல. எனவே நம் ஊர் மெக்கானிக்குகள் பியட்டையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் பிரித்து, அவற்றின் எஞ்சினையும் அச்சையும் எடுத்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் கட்டி, ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைத் தாங்களே செய்தார்கள். இவை எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வந்தவை அல்ல. ஆகவே எந்தத் தொழிற்சாலைப் பேரேட்டிலும் இவற்றுக்கு எண் கிடையாது. உலகிலேயே அதுபோல ஒன்றுதான் இருந்திருக்கும். அது போனால் போனதுதான்.

ஏரிக்கு அடியில் ஒரு புகாட்டி

முதலில் ஒரு வெளிநாட்டுக் கதை. இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே மஜோரே என்ற பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரையில் உள்ள அஸ்கோனா என்னும் ஊரில் 1930-களில் ஒரு புகாட்டி கார் நின்றுபோனது. புகாட்டியின் 'பிரெஸ்சியா' வகை அது. 1921-இல் இத்தாலியின் பிரெஸ்சியா நகரப் பந்தயத்தில் முதல் நான்கு இடங்களையும் புகாட்டி கார்கள் பிடித்ததால் வந்த பெயர். பிரான்ஸிலிருந்து வந்த அந்தக் காருக்குச் சுங்க வரி கட்டப்படவில்லை. வரி கட்டாத பொருளை அழித்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். சுங்க அதிகாரிகள் யோசித்தார்கள். காரைச் சங்கிலியில் கட்டி ஏரிக்குள் இறக்கிவிட்டார்கள்! பிறகு யாராவது வரியைக் கட்டினால் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள் போலும். யாரும் வரவில்லை. சங்கிலி துருப்பிடித்து அறுந்தது. கார் 53 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது.

அந்தக் கார் சீட்டாட்டத்தில் கைமாறியது என்று சுவையான கதை ஒன்றும் உண்டு. புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர் ஒருவர் தோற்றுப்போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டாராம். நல்ல கதைதான், ஆனால் தொலைந்த கார்களைத் தேடுகிறவர்கள் கதைக்கு முதலிடம் தருவதில்லை. அவர்களுக்கு வேண்டியது எண். அந்தக் காரின் அடிச்சட்டத்தில் 2461 என்ற எண் இருந்தது. அதைக் கொண்டுதான் அது 1925-ஆம் ஆண்டு வண்டி என்று சொல்ல முடிந்தது.

முக்குளிப்பவர் ஒருவர் 1967-இல் அதைக் கண்டார். அதன்பின் நெடுங்காலம் அது அந்த ஊர் முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரும் பொருளாக இருந்தது. 2009 ஜூலை மாதம் அதை வெளியே தூக்கினார்கள். எழுபது ஆண்டுக்கு மேல் தண்ணீரில் கிடந்த கார்! முழுவதும் கரைந்திருக்க வேண்டாமா? இல்லை. குறிப்பாக, சேற்றில் புதைந்திருந்த பக்கம், தண்ணீரில் தெரிந்துகொண்டிருந்த பக்கத்தைவிட நன்றாக இருந்தது.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். சேறு காரைக் காப்பாற்றியது எப்படி?

பள்ளிச் சோதனைச்சாலையில் ஓர் எளிய சோதனை செய்வது வழக்கம். மூன்று சோதனைக் குழாய்களில் ஆணி போடுவோம். ஒன்றில் சாதாரணத் தண்ணீர். இன்னொன்றில் கொதிக்கவைத்துக் காற்றை விரட்டிய தண்ணீர், அதன்மேல் எண்ணெய்ப் படலம். மூன்றாவதில் தண்ணீரே இல்லை. ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு மட்டும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முதல் குழாயில் மட்டும் ஆணி சிவந்திருக்கும். நான் மாணவனாக இருந்தபோது அவசரப்பட்டு இரண்டாம் நாளே குலுக்கிப் பார்த்துச் சோதனையைக் கெடுத்தேன். நீங்கள் பொறுமையாக இருங்கள். துருப்பிடிக்கத் தண்ணீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும் என்பதே இந்தச் சோதனை சொல்லும் செய்தி.

ஏரியின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அழுகும் இலை தழைகள் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொள்கின்றன. அதோடு 53 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும்; குளிர்ச்சியில் வேதிவினைகள் மெதுவாக நடக்கும். இன்னொன்று, அது நன்னீர் ஏரி, உப்பு இல்லை. துருப்பிடிப்பது ஒரு மின்வேதியியல் நிகழ்ச்சி. இரும்பின் ஓர் இடம் எலக்ட்ரான்களை இழக்கிறது; இன்னோர் இடத்தில் தண்ணீரும் ஆக்சிஜனும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. இந்தக் குட்டி மின்கலத்தில் மின்னோட்டம் தடையின்றி ஓட உப்பு உதவுகிறது. அதனால்தான் கடலோர ஊர்களில் ஜன்னல் கம்பி சீக்கிரம் உளுத்துப்போகிறது. (சேறு எப்போதுமே நண்பன் என்று எண்ணிவிடாதீர்கள். ஆக்சிஜன் இல்லாத உப்புச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் இரும்பை அரிக்க வல்லவை.)

2010 ஜனவரியில் பாரிஸ் நகரில் அந்தப் புகாட்டி ஏலம் போயிற்று. விலை 2,60,500 யூரோ. அந்தப் பணம் ஓர் அறக்கட்டளைக்குச் சேர்ந்தது. வாங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர் அதைத் துலக்கிப் பளபளப்பாக்கவில்லை. ஏரியிலிருந்து எடுத்தபடியே, துருவும் ஓட்டையுமாகத் தம் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார். அவர் செய்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. புதிதாக்கியிருந்தால் உலகில் உள்ள பல பிரெஸ்சியாக்களில் அதுவும் ஒன்றாகியிருக்கும்.

மணலுக்குள் புதைத்த சாட்சி

அடுத்தது சோகக் கதை. இதில் ஓர் மனிதரின் சாவுக்குக் காரணம் என்ன என்ற கேள்வி இருக்கிறது.

ஜான் காட்பிரி பாரி தாமஸ் என்பவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பொறியாளர். லேலண்டு கம்பெனியில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். உலகிலேயே வேகமாகத் தரையில் ஓட்டியவர் என்ற பெயர் பெற வேண்டும் என்பது அவர் ஆசை. வேறொருவர் செய்துவைத்த ராட்சதக் கார் ஒன்றை வாங்கினார். அதில் இருந்தது கார் எஞ்சின் அல்ல. 27 லிட்டர் கொள்ளளவுள்ள லிபர்டி விமான எஞ்சின். இன்றைய சின்னக் கார்களில் எஞ்சின் ஒரு லிட்டர் அளவில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்! எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சைக்கிளில் இருப்பது போலச் சங்கிலிதான் சக்தியைக் கொண்டுபோயிற்று. அந்தக் காருக்குத் தாமஸ் 'பாப்ஸ்' என்று செல்லப் பெயர் வைத்தார்.

1926 ஏப்ரலில், வேல்ஸ் நாட்டின் பென்டைன் கடற்கரை மணலில் அவர் மணிக்கு 171 மைல், அதாவது சுமார் 275 கி.மீ. வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மால்கம் காம்ப்பெல் அதை முறியடித்தார். இழந்ததை மீட்கத் தாமஸ் 1927 மார்ச் 3 அன்று மறுபடி பென்டைனுக்கு வந்தார். அதிவேகத்தில் சென்ற கார் நிலைகுலைந்து புரண்டது. தாமஸ் அங்கேயே இறந்தார். நண்பர்கள் பாப்ஸைக் கடற்கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள்.

சங்கிலி அறுந்து அவரைத் தாக்கியதால்தான் இறந்தார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். புத்தகங்களிலும் அப்படியே எழுதினார்கள். சாட்சி மணலுக்கு அடியில் கிடந்தது. யாரும் கேட்கவில்லை.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1969-இல், ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் விரிவுரையாளர் கேட்டார். புதைத்த இடம் அதற்குள் ராணுவத்தின் பயிற்சி எல்லைக்குள் போயிருந்தது. அனுமதி வாங்க அலைந்தார். பழைய புகைப்படங்களையும் வயதானவர்களின் நினைவையும் கொண்டு இடத்தைக் குறித்தார். தோண்டினார்கள். பாப்ஸ் இருந்தது! ஆனால் எப்படி இருந்தது? மெல்லிய தகடுகளெல்லாம் உளுத்துப் போயிருந்தன. கனமான அடிச்சட்டமும் எஞ்சினும் மிஞ்சியிருந்தன.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்திலிருந்து ஆண்டுக்கு 0.05 மில்லிமீட்டர் வீதம் இரும்பு அரிக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். தகட்டுக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா? ஆகவே ஆண்டுக்கு 0.1 மி.மீ. போகும். ஒரு மி.மீ. தகடு பத்தே ஆண்டில் காலி. ஐந்து மி.மீ. கனமுள்ள சட்டமோ ஐம்பது ஆண்டு தாங்கும். 42 ஆண்டில் 4.2 மி.மீ. போய், 0.8 மி.மீ. மிஞ்சும். உண்மையில் அரிப்பு இவ்வளவு சீராக நடப்பதில்லை. சில இடத்தில் பள்ளம் விழும், சில இடம் தப்பிக்கும். ஆனாலும் பழைய வண்டியில் எது இருக்கும், எது இருக்காது என்று ஊகிக்க இந்தக் கணக்கு உதவும். கடற்கரை மணல் ஏரிச்சேற்றைப் போன்றதல்ல என்பதையும் கவனியுங்கள். மணலுக்கு இடையே காற்றும் உப்புநீரும் புகுந்து புகுந்து வெளியேறும். மஜோரே ஏரியில் கிடைத்த பாதுகாப்பு பாப்ஸுக்குக் கிடைக்கவில்லை.

மிஞ்சியதே போதுமானதாக இருந்தது. உடைந்த பாகங்களை ஆராய்ந்தவர்களுக்குச் சங்கிலிக் கதையில் சந்தேகம் வந்தது. வலப்பக்கப் பின்சக்கரம் முதலில் நொறுங்கியிருக்க வேண்டும், அதனால்தான் கார் நிலைகுலைந்தது என்ற கருத்து வலுப்பெற்றது. உலோகம் முறிந்த இடத்தைப் பார்த்தால், அது மெல்ல மெல்லக் களைத்து விரிசல் விட்டு முறிந்ததா, ஒரே அடியில் முறிந்ததா என்று உலோகவியலாளர்கள் சொல்லிவிடுவார்கள். களைத்து முறிந்த பரப்பில் கடற்கரையில் அலை விட்டுச் சென்ற கோடுகள் போல வரிவரியாகத் தெரியும். ஒரே அடியில் முறிந்த பரப்பு சொரசொரப்பாக இருக்கும். அந்தப் பரப்பைத் துரு தின்றுவிட்டால் சாட்சியும் போயிற்று. சீக்கிரம் கண்டுபிடிப்பதில் இவ்வளவு அவசரம் காட்டுவது இதனால்தான்.

ஓவன் பல ஆண்டுகள் உழைத்துப் பாப்ஸை மறுபடி ஓடவைத்தார்.

எடைக்குப் போக இருந்த வெள்ளி அம்பு

இன்னொரு காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் நிறுவனம் செய்த வெள்ளி நிறப் பந்தயக் கார்கள் உலகப் புகழ் பெற்றவை. எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் பதினாறு சிலிண்டர்! போருக்குப் பின் சோவியத் படைகள் அவற்றை ரஷ்யாவுக்குக் கொண்டுபோயின. பொறியாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள், பிறகு மறந்தார்கள். 1976-இல் மாஸ்கோவின் லிகாச்சேவ் மோட்டார்த் தொழிற்சாலையில் அப்படி ஒரு கார் உடைசலுக்குப் போக இருந்தது. லாட்வியாவைச் சேர்ந்த பழங்கார் ஆர்வலர் விக்டர்ஸ் குல்பெர்க்ஸ் அதைக் கேள்விப்பட்டுப் போய்ப் பேசி, ரீகா நகருக்குக் கொண்டுவந்து காப்பாற்றினார். இதில் ஏரியும் இல்லை, தோண்டுதலும் இல்லை. காயலான் கடைக்கும் காருக்கும் நடுவே ஒரு மனிதர் போய் நின்றார், அவ்வளவுதான்.

அழிந்த எண்ணைப் படிப்பது

சரி, கீழப்பாவூர்ப் புளியமரத்தடிக்கு வருவோம். உங்கள் முன் ஒரு துருப்பிடித்த கூடு இருக்கிறது. அது என்ன என்று எப்படி அறிவீர்கள்?

சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். உடல் தகட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ கண்ணாடி இழையாகவோ இருக்கலாம். தட்டினால் கண்ணாடி இழை மொத்தென்று ஒலிக்கும்; அலுமினியம் கணீரென்று ஒலிக்கும். பந்தயக் கார்களில் எடையைக் குறைக்க அலுமினியத் தகட்டை அதிகம் பயன்படுத்தினார்கள். அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகும். ஒரு மில்லிமீட்டரை மூன்று லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் கனம். ஆனால் அது விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டு உள்ளே உள்ள உலோகத்தைக் காக்கும். இரும்புத் துருவோ உதிர்ந்து விழுந்து அடுத்த அடுக்கைத் திறந்துவிடும். எனவே சட்டம் உளுத்துப்போய், உடல் மட்டும் உருவம் மாறாமல் நிற்கும் விந்தையைக் காணலாம். ஒரு விலக்கு: அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் தங்கினால் அங்கே மின்கலம் உண்டாகி அலுமினியம்தான் அரிக்கப்படும். ஆணி அடித்த ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். மக்னீசியக் கலவையில் செய்த சக்கரங்களின் கதி இன்னும் மோசம்.

அடுத்து எண். அடிச்சட்டத்திலோ எஞ்சின் பக்கவாட்டிலோ உளியால் அடித்த எண்கள் இருக்கும். வீட்டில் செய்த காராக இருந்தாலும் எஞ்சினும் பல்சக்கரப் பெட்டியும் ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தவைதானே? பியட் எஞ்சின் எண் கிடைத்தால் கார் எந்த ஆண்டுக்குப் பிற்பட்டது என்றாவது தெரியும். ஆனால் எஞ்சின் எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. முன்பு சொன்னேனே, பந்தயக் காரில் எஞ்சின் அடிக்கடி மாறும்.

சிலவேளை எண் தேய்ந்து போயிருக்கும். யாரோ அரத்தால் ராவி அழித்தும் இருப்பார்கள். அதையும் படிக்க வழி உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேனாவை அழுத்தி எழுதி அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். அடுத்த தாளில் ஒன்றும் தெரியாது. பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்தால் எழுத்துகள் எழுந்து வரும். உலோகத்திலும் கிட்டத்தட்ட இதுதான். உளியால் எண்ணை அடிக்கும்போது பள்ளத்துக்குக் கீழே உள்ள படிகங்களும் நெருக்குண்டு உருக்குலைகின்றன. மேற்பரப்பை ராவி எண்ணை அழித்தாலும் கீழே அந்த நெருக்கம் அப்படியே இருக்கும். காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலை எஃகில் தடவினால், உருக்குலைந்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் அரிப்பின் வேகம் வேறுபடுகிறது. மறைந்த எண் மங்கலாகத் தெரிகிறது. திருட்டு வாகனங்களையும் துப்பாக்கிகளையும் அடையாளம் காணத் தடய அறிவியல் கூடங்களில் இந்த முறைதான். இதை நீங்கள் செய்துபார்க்க வேண்டாம். சில நொடிகளே தெரிந்து மறையும் எண்ணைக் கற்றுக்குட்டி கெடுத்துவிட்டால் இரண்டாம் முறை கிடைக்காது.

எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே துரு ஆப்பு அடித்தது போல் இறுகியிருக்கும். பலம் கொண்டு திருப்பினால் ஏதாவது முறியும். சூடாக்கினால் இளகும் என்றும் நினைக்காதீர்கள். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இருமடங்கு விரியும். மொத்தமாகச் சூடாக்கினால் பிடி இன்னும் இறுகும். அனுபவமுள்ள மெக்கானிக் மெல்லிய எண்ணெயை ஊற்றிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்.

காகிதமும் மனிதரும்

உலோகம் பாதிதான் சொல்லும். மறுபாதி பழைய பந்தய நிகழ்ச்சி மலர்களிலும், பத்திரிகைப் படங்களிலும், மனிதர் நினைவிலும் இருக்கிறது. ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் சட்டக் குழாய்கள் எந்தக் கோணத்தில் வளைந்திருக்கின்றன, ஒட்டுப்போட்ட இடம் எது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எதிரில் உள்ள கூட்டோடு ஒப்பிடுவார்கள். பற்றவைப்புத் தழும்பு கையெழுத்து மாதிரி. ஒருவர் வைத்தது போல் இன்னொருவர் வைக்கமாட்டார்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் சோழவரத்தில் ஓட்டியதோடு பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்தும் செய்தார். மாருதி 800 எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய சிறிய ஒற்றை ஆசனக் கார்களில்தான் பல இந்திய இளைஞர்கள் பந்தயம் பழகினார்கள். 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அதே கோயம்புத்தூர்தான். கரிவரதன் 1995-இல் வான்விபத்தில் இறந்தார். அவர் பெயரில் இன்று கோவை செட்டிபாளையத்தில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. பெயர் பெற்றவர்களை இப்படி நினைவு வைத்துக்கொள்கிறோம். ஆனால் ஓடுதளத்தின் ஓரத்தில் குந்தி, ஸ்பேனர் பிடித்து, இரவு முழுக்க ஹெரால்டு எஞ்சினைத் திறந்து மூடியவர்கள் பலர். 1970-இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். எந்தச் சட்டத்துக்கு எந்த எஞ்சின் போயிற்று, எந்தக் காரை யார் வாங்கி எந்த ஊருக்கு ஏற்றிப்போனார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இரும்பு துருப்பிடிக்கும் வேகத்துக்குக் கணக்குப் போட்டோம். இதற்கு அப்படிக் கணக்கு இல்லை.

எனவே உங்கள் ஊரில் பழைய லேத்துப் பட்டறை வைத்திருந்த தாத்தா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். புதருக்குள் விசித்திரமான கூடு ஏதும் தென்பட்டால் உடையவரிடம் அனுமதி கேட்டு, நாலாபக்கமும் படம் எடுங்கள். இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை நாடாவால் அளந்து குறியுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைக்காதீர்கள். பழைய வண்ணப்பூச்சின் அடுக்குகளும், பக்கவாட்டில் எழுதிய போட்டி எண்ணின் சுவடும் அதோடு போய்விடும். உளியால் அடித்த எண் கண்ணில் பட்டால், அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, மெல்லத் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் மூலையில் தேதியையும் ஊர்ப்பெயரையும் எழுதிவிடுங்கள்.